வண்டின் முதுகில் வெண்பொட்டு

பண்டித வகுப்பு நடத்தும் ஒருவன் புகைப்படக் கலையைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். விளைக்கட்டும். எனக்கும் கமராவுக்கும் இடையே உறவு உண்டாக்கி வைத்தவர்கள் நிகண்டு செய்த பெரியோர்களே. அவர்கள் வண்டுக்குப் பெயர் பல சொன்னார்கள். சுரும்பு, தும்பி, ஞிமிறு, அளி என ஒரே மூச்சில் அடுக்கிச் சென்றார்கள். அவற்றுள் எப்பெயர் எவ்வுயிருக்கு உரியது என்று பிரித்துக் காட்டினார்களல்லர். பின்வந்த அகராதிகாரரோ இன்னும் எளிதாகத் தப்பிக்கொண்டனர். 'ஒருவகைப் பூச்சி' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டனர். மாணாக்கன் அகராதியை விரிக்கிறான், 'ஒருவகைப் பூச்சி' என்று படிக்கிறான், மூடிவைக்கிறான். அது பூச்சி என்பது அவனுக்கு முன்னமே தெரிந்ததுதானே!

இக்குறையைச் சிறிதளவேனும் தீர்ப்போம் என்று கருதி 2022ஆம் ஆண்டில் எங்கள் கல்லூரி மாணாக்கர் ஒரு கையெழுத்துச் சொல்லேடு தொடங்கினர். பழைய நூல்களிற் பயிலும் சிற்றுயிர்ப் பெயர்களை ஒருபுறம் எழுதுவது. கல்லூரி வளவிலோ வீட்டு வேலியிலோ அவ்வுயிரைக் கண்டால் அதன் படத்தை மறுபுறம் ஒட்டுவது. கண்டதைக் கண்டவாறு நாலு வரியில் வருணிப்பது. இதுவே திட்டம். இக்காலத்து மாணாக்கர் கையில் ஏடு இல்லாதிருப்பினும் கைத்தொலைபேசி இல்லாதிருப்பதில்லை. ஒருவன் தன் மாமனிடமிருந்து நல்ல கமரா ஒன்றும் இரவல் வாங்கி வந்தான்.

முதலில் ஏட்டுக்கு வந்தது கருவண்டு. காய்ந்த மரத்தைத் துளைத்து அதனுட் குடியிருக்கும் பெரிய கரிய வண்டு. பந்தற்கால்களின் அடியில் மரத்தூள் உதிர்ந்து கிடந்தால் மேலே அது வேலை செய்கிறது என்று அறியலாம். படம் எடுத்த மாணாக்கன் திறமையுடையவன். வண்டின் காலிலுள்ள மயிர் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாய் இருந்தது. அவன் எழுதிய வருணனை, 'வயிற்றின் மேற்புறத்தில் வட்டமான வெண்பொட்டு ஒன்று உண்டு' என்று முடிந்தது. யான் படத்தைப் பார்த்தேன். பொட்டு இருந்தது. கையொப்பமிட்டேன்.

ஒரு கிழமை சென்றது. வகுப்பு நடந்துகொண்டிருக்கையில் யன்னல்வழியே ஒரு கருவண்டு புகுந்து கரும்பலகையின் சட்டத்தில் அமர்ந்தது. எல்லாரும் பார்த்தோம். பின்வாங்கில் இருந்த ஒருவன் எழுந்து, "ஐயா, பொட்டைக் காணோமே" என்றான். வகுப்புச் சிரித்தது. யானும் சிரித்தேன். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் நன்றாக வரவில்லை. அகராதிகாரர் தாம் அறியாததைச் சொல்லாது விட்டார். யானோ இல்லாத ஒன்றை உண்டென்று சொல்லிக் கையொப்பமும் இட்டுவிட்டேன். இவ்விருவருட் குற்றம் மிகுந்தவர் யார்?

அப்பொட்டு வண்டினுடையதன்று. கமராவின் தலையிலிருந்து வெட்டி மறைந்த பிளாஷ் விளக்கினுடையது. ஏட்டைத் திருப்பிப் பார்த்தேன். சாணி வண்டின் தோளிலே பொட்டு. முசுறின் தலையிலே பொட்டு. சிலந்தியின் எட்டுக் கண்ணிலும் எட்டுப் பொட்டு. இத்தெறிப்பைக் கண்கூச்சம் என்று சொல்வாரும் உளர். யான் வெண்பொட்டு என்றே சொல்லிச் செல்கிறேன். எனக்குப் பாடம் கற்பித்தது அப்பெயர்.

பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் முறையிட்டேன். அவர் நூலொன்றையும் எடுக்கவில்லை. உள்ளே சென்று, துலக்கி வைத்திருந்த பித்தளை மூக்குப்பேணி ஒன்றைக் கொணர்ந்தார். அறையை இருட்டாக்கி, ரோச் விளக்கை அதன்மேற் பிடித்தார். பேணியின் வயிற்றில் ஊசி குத்தியதுபோல ஒரு வெள்ளொளி. மற்றைய இடமெல்லாம் இருள். பின்பு அதனைத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்தார். வாசலின் வெளிச்சம் முழுவதும் பேணியின் மேல் அகலமாய்ப் படிந்தது. பித்தளையின் மஞ்சளும், நெளிவும், பழைய கீறல்களுங்கூடத் தெரிந்தன. "பேணி ஒன்றுதான். அது தனக்கு எதிரே உள்ளதைக் காட்டுகிறது. ரோச் சிறிது, வாசல் பெரிது" என்றார்.

விடயம் இவ்வளவே. மினுங்கும் பரப்பில் விழும் ஒளி படுகோணம் எவ்வளவோ அவ்வளவு தெறிகோணத்திற் செல்லும். வண்டின் ஓடு ஒரு குவிவாடி. குவிவாடியில் எதிரிலுள்ள உலகம் முழுவதும் சுருங்கித் தோன்றும். அவ்வுலகத்திலே விளக்கும் ஓரிடத்தில் இருக்கும். ஆதலால் வண்டை எப்படித் திருப்பினும் ஏதோ ஓரிடத்தில் விளக்கின் பிம்பம் விழுந்தே தீரும். வெண்பொட்டு என்பது விளக்கின் பிம்பமேயன்றி வேறன்று.

'அவ்வாறாயின் விளக்கே வேண்டாமே, பகலொளி போதாதா?' என்று கேட்பர் சிலர். போதாது. வண்டை அதன் உண்மை அளவிலேயே படத்தில் விழச் செய்யும்போது, சாதாரணமாகக் கிடைக்கும் ஒளியில் நாலிலொரு பங்கே கமராவின் உள்ளே சேர்கிறது. வில்லையின் துவாரத்தை நன்கு திறந்து வைத்தால் அரை மில்லிமீற்றர் ஆழமே தெளிவாய் விழும். கண் தெரிந்தால் கால் தெரியாது. துவாரத்தை மிகச் சுருக்கினாற்றான் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் ஆழமாவது கிடைக்கும். சுருக்கினாலோ ஒளி மேலும் குறையும். இதற்கிடையில் வண்டு நமக்காகக் காத்திராது; காற்றும் பூவை அசைக்காது விடாது. வினாடியில் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைந்த நேரத்தில் மின்னி மறையும் விளக்கு ஒன்றே இம்மூன்று இடர்களையும் ஒருங்கே தீர்ப்பது. 1930களில் ஹரல்ட் எட்ஜேர்டன் என்ற அமெரிக்கர் இம்மின்னொளியை வளர்த்தெடுத்ததன் பின்பே பறக்கும் சிறகு நின்ற சிறகாய் நம் கண்ணுக்கு அகப்பட்டது. விளக்கைத் துறத்தல் இயலாது. விளக்கோடு வாழக் கற்க வேண்டும்.

அங்கேதான் பலரும் வழி தவறுகின்றனர். எங்கள் மாணாக்கரும் தவறினர். முதலில், விளக்கின் வலுவைக் குறைத்தனர். படம் முழுவதும் இருண்டது. பொட்டும் வண்டும் ஒரே அளவிற் குறைந்தன. இருட்டில் பொட்டு முன்னிலும் எடுப்பாய் நின்றது. அடுத்து, விளக்கைத் தூரத்துக்குக் கொண்டுபோயினர். தூரத்தில் வைத்தால் ஒளி மென்மையாகும் என்பது கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றுகிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. சூரியனைப் பாருங்கள். அதன் விட்டம் ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீற்றர். அத்தனை பெரிய விளக்கு வேறில்லை. ஆயினும் நமக்கு அது வானத்தில் அரைப்பாகை அகலமே உடையது. ஆகவேதான் உச்சிவெயிலில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல விழுகிறது. முகில் மூடிய நாளில் வானம் முழுவதுமே விளக்காகிறது, நிழல் கரைந்துவிடுகிறது. விளக்கின் அளவு என்பது கடையில் அளக்கும் அளவன்று. வண்டு இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது எவ்வளவு அகலமாய்த் தெரிகிறது என்பதே கணக்கு.

இதனை எண்ணாற் சொல்வேன். 5 சென்ரிமீற்றர் அகலமான விளக்கு 20 சென்ரிமீற்றர் தூரத்தில் இருப்பின் வண்டுக்கு அது 14 பாகை அகலமாய்த் தெரியும். 15 சென்ரிமீற்றர் அகலமான வெள்ளைத் திரையொன்றை விளக்குக்கு முன்னே தொங்கவிட்டு, அத்திரையை வண்டுக்கு 5 சென்ரிமீற்றர் அண்மையிற் கொண்டுவந்தால் 110 பாகைக்கு மேல் விரியும். வண்டுக்கு அது விளக்கன்று, வானம். மற்றொரு கணக்கும் உண்டு. தூரம் மாறாதிருக்க, விளக்கின் அகலத்தை நாலு மடங்காக்கினால் பரப்புப் பதினாறு மடங்காகிறது. வண்டின்மேல் மொத்தமாய் விழும் ஒளி முன்போலவே இருக்கும்படி செய்யினும், அவ்வொளி பதினாறு மடங்கு இடத்திற் பங்கிடப்படுகின்றமையால் பிம்பத்தின் கூர்மை பதினாறில் ஒன்றாகக் குறைகிறது. வெண்பொட்டு மறைந்துவிடுவதில்லை. அகன்று, மெலிந்து, ஓட்டின் நிறத்தை ஊடே காட்டும் மென்பூச்சாகிறது.

நிற்க. இத்திரைக்கு யாது செய்வது? கடையிற் பல உருவில் விற்கிறார்கள். விலையும் உருவுக்கேற்ப ஏறுகிறது. எங்கள் மாணாக்கர் யோகட் கோப்பையைக் கழுவி, அடியை வெட்டி, கைத்தொலைபேசியின் வில்லையைச் சுற்றி மாட்டினர். தொலைபேசியின் விளக்கு மிளகளவுதான்; கோப்பையின் வெண்சுவர் முழுவதும் ஒளிரத் தொடங்கியதும் படம் வேறாயிற்று. கமராவுக்கு ஐஸ்கிறீம் பெட்டியின் மூடி உதவியது. எனது பழைய வேட்டியிலும் ஒரு சாண் போயிற்று. ஏனெனில், ஒற்றைத் திரையின் நடுவில் பேரொளியும் ஓரங்களில் மங்கலும் இருப்பதைக் கண்டோம். வண்டின் முதுகிலும் அவ்வாறே நடுப்பொட்டு ஒன்று எஞ்சிற்று. முதற்றிரைக்கும் இரண்டாந்திரைக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டுத் துணியைக் கட்டியதும் ஒளி ஒருபடித்தாயிற்று. இடைவெளி இன்றி இரண்டையும் ஒட்டிக் கட்டினால் பயனில்லை. ஒளி பரவுவதற்கு இடம் வேண்டும். கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் வண்டின் வயிற்றடி இருளும் நீங்கும்.

இவ்வித்தை புதியதன்று. றொபேட் ஹூக் என்ற ஆங்கிலேயர் 1665ஆம் ஆண்டு வெளியிட்ட 'மைக்குரோகிராபியா' என்னும் நூலின் முன்னுரையில் இதனைச் சொல்லி வைத்திருக்கிறார். சூரிய ஒளி பூச்சியின்மேல் நேரே விழாதபடி எண்ணெய் தோய்த்த தாளை அதன் அருகே இடையில் வைத்தார். ஒளி போதாவிடின் பெரிய வில்லையால் வெயிலைத் திரட்டி அத்தாளின்மேற் பாய்ச்சினார். மணலால் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடியும் ஆகும் என்றார். அவரது காலத்தில் கமரா இல்லை. கண்ணாற் கண்டு கையால் வரைந்தார். ஆயினும் அவருக்கு நேர்ந்த இடர் எங்கள் மாணாக்கனுக்கு நேர்ந்ததே. இலையானின் கண் ஓர் ஒளியிலே துளையிட்ட வலைபோலவும், வெயிலிலே பொன்னாணி அறைந்த பரப்புப்போலவும், இன்னொரு நிலையிலே கூம்புகள் நிறைந்தது போலவும் தோன்றிற்று என்று அவர் எழுதியிருக்கிறார். பல ஒளியிலும் பார்த்து, உண்மை உரு இதுவெனத் துணிந்த பின்பே தாளிற் கோலை வைத்தார். யான் கையொப்பமிடுமுன் செய்யாதது அதுவே.

இனி, எனக்கும் இளைஞர் சிலருக்கும் இடையே உள்ள வழக்குக்கு வருகிறேன். 'ஐயா, இத்தனை பாடு எதற்கு? பொட்டு விழுந்தாற் கணினியில் அழித்துவிடலாமே. பக்கத்து நிறத்தை எடுத்து அதன்மேற் பூசிவிட்டால் ஒருவருக்குந் தெரியாது' என்கின்றனர். ஒருவருக்குந் தெரியாது என்பதே எனது முறைப்பாடு. ஒளி மிஞ்சி வெளுத்த இடத்தில் கமரா ஒன்றையும் பதிவு செய்யவில்லை. அங்கே குழி இருந்ததோ, மயிர் இருந்ததோ, வரி இருந்ததோ அறிய வழியில்லை. அவ்விடத்திற் பூசுவது அறியாததை அறிந்ததாகக் காட்டுவதாகும். செல்லரித்த ஏட்டில் எழுத்துப் போன இடத்தை உ. வே. சாமிநாதையர் போன்ற நற்பதிப்பாசிரியர் புள்ளியிட்டு விட்டனர். தம் புலமையால் நிரப்ப அவர்களால் முடியாமலா இருந்தது? நிரப்பியவர்களும் உளர், அவர் வேலைக்கு இடைச்செருகல் என்று பெயர். சுவர்ப்படத்துக்கு எவரும் எதையும் பூசிக்கொள்ளலாம். அதில் எனக்கு வழக்கில்லை. 'இவ்வுயிர் இத்தகையது' என்று மாணாக்கனுக்குக் காட்டும் படத்தில் பூசலாகாது. பொட்டோடு விடுவது அதனினும் நன்று. அருகே 'இது விளக்கின் தெறிப்பு' என்று ஒரு குறிப்பு எழுதினாற் போதும்.

மறுபுறத்தில் இன்னொரு சாரார் உளர். மினுக்கம் அனைத்தையும் அடியோடு ஒழித்துவிடுவர் இவர். விளக்கின்மேல் ஒரு முனைவாக்கித் தாளையும் வில்லையின்மேல் மற்றொரு முனைவாக்கியையும் குறுக்காக வைத்தால், பரப்பிலிருந்து ஆடிபோற் தெறிக்கும் ஒளி தடைப்படும். உடலின் உள்ளே புகுந்து கலைந்து வெளிவரும் ஒளி மாத்திரம் கமராவைச் சேரும். ஒளியில் நாலிலொரு பங்குகூட எஞ்சாது. ஆயினும் பொட்டு முற்றாகப் போய்விடும். நல்ல உபாயந்தான். தேரையின் ஈரத்தோலின் நிறத்தை அறிய வேண்டின் இதனினும் சிறந்தது இல்லை. ஆனால் இவ்வழியிற் பொன்வண்டைப் படம் பிடித்துப் பாருங்கள். நாங்கள் பிடித்தோம். வந்தது பொன்வண்டன்று, கருகிய புளியங்கொட்டை!

காரணம் வெளிப்படை. பொன்வண்டின் பச்சை சாயத்தால் வந்ததன்று. ஓட்டிலே அடுக்கடுக்காய் அமைந்த மிக மெல்லிய படலங்களிலிருந்து தெறிக்கும் ஒளிகள் ஒன்றோடொன்று கூடுதலால் விளைந்தது. அங்கே தெறிப்பே நிறம், நிறமே தெறிப்பு. தெறிப்பை ஒழித்தால் பொன்னும் ஒழியும். பௌதிக அறிஞர் மைக்கெல்சன் 1911ஆம் ஆண்டில், பொன்னிறமான ஒருவகை வண்டின் ஓட்டிலிருந்து வரும் ஒளி வட்டமாய் முனைவாக்கப்பட்டிருப்பதைக் கண்டு வெளியிட்டார். வண்டின் மினுக்கம் ஆராய்ச்சிக்கு உரியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கருவண்டின் நிலையும் இதற்கு அயலன்று. அது கருமையாதலின் உள்ளே புகுந்த ஒளி திரும்பி வருவதில்லை. அதன் வயிறு உருண்டது என்பதை நாம் அறிவதே மேலே படியும் மினுக்கத்தாற்றான். அதையும் பறித்துவிட்டாற் படத்தில் எஞ்சுவது வண்டின் உருவிலே ஓர் ஓட்டை.

ஆகவே பொட்டையும் வேண்டேன். மினுக்கமற்ற பிணத்தையும் வேண்டேன். அகன்ற மெல்லொளியே எனது கட்சி. வெளிச்சம் மேலிருந்து விழுவதாயும் இருக்க வேண்டும். வண்டுகள் வானத்தின் கீழேதான் வாழ்கின்றன. திரையை வில்லைக்கு மேலே சற்று முன்னால் வளைத்துக் கட்டினால் மினுக்கம் முதுகில் ஓர் இளம்பிறைபோலப் படியும். கண்ட கண்ணுக்கு அது பொய்யாகத் தோன்றாது.

பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து விறைக்கச் செய்து படம் எடுப்பாரும் உண்டு. அசையாத உயிருக்கு எத்தனை திரையும் சாவகாசமாகக் கட்டலாமன்றோ! ஹூக்கும் இக்குற்றத்துக்கு உட்பட்டவரே. அடங்காத எறும்பொன்றைப் பிராந்தியில் அமிழ்த்தி மயங்கச் செய்து வரைந்தார். அது பின்பு தெளிந்து எழுந்து ஓடிற்று. யான் எங்கள் வகுப்பில் இதனை அனுமதிக்கவில்லை. விறைத்த வண்டு கால்களை மடக்கும் விதம் வேறு. உயிர்த்திறத்தோடு பூவிற் பற்றும் விதம் வேறு. பிள்ளைகள் விடியற்காலையிற் போகிறார்கள். பனியின் குளிரில் பூச்சிகள் தாமாகவே மந்தமாயிருக்கும் நேரம் அது. பூச்சிக்குந் துன்பமில்லை, பிள்ளைகளும் விடியுமுன் எழுகிறார்கள்.

ஒருமுறை ஒரு கண்காட்சிக்கு எங்கள் கருவண்டுப் படத்தை அனுப்பினோம். திரை கட்டி எடுத்த இரண்டாம் படம். அதற்குப் பரிசு கிடைக்கவில்லை. பரிசு பெற்ற வண்டு வைரம்போலப் பொட்டுப் பொட்டாய் ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. நடுவர் ஒருவர், எங்கள் படத்திற் 'பளபளப்புப் போதாது' என்றார். மாணாக்கன் முகம் வாடிற்று. அவனைக் கல்லூரிக்கு அழைத்து வந்து, பழைய பக்கத்தில் யான் இட்ட கையொப்பத்தை வெட்டி, பொட்டைப் பற்றிய வரியையும் அவனைக் கொண்டே வெட்டுவித்து, புதுப்படத்தை அதன் அருகே ஒட்டச் செய்தேன். இரண்டு படமும் இன்றும் அப்பக்கத்தில் உள்ளன.

சென்ற ஐப்பசியில் முதல்மழை பெய்த மறுநாட் காலையில் ஈயன்மூதாய் வந்தது. சங்கத்துச் சான்றோர் கார்காலத்து முல்லைநிலத்தில் கண்டு பாடிய செந்நிறச் சிற்றுயிர் அதுதான். தம்பலப்பூச்சி என்றும் சொல்வர். எண்ணிப் பார்த்தால் எட்டுக் கால். பூச்சி இனமே அன்று, சிலந்திக்கு உறவு. உடல் முழுவதும் பட்டுமயிர் போர்த்திருத்தலால் ஒளி அதன்மேற் சிதறிவிடுகிறது, வெண்பொட்டு விழுவதேயில்லை. மாணாக்கர் மகிழ்ந்து திரையைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்தனர். படம் வந்தது. பொட்டு இல்லைத்தான், ஆனால் சிவப்பு மிஞ்சி, மயிரெல்லாம் ஒன்றாகக் குழைந்து, குங்குமக் குழம்பிலே கால் முளைத்ததுபோல இருந்தது. மீண்டும் திரையைக் கட்டி, விளக்கையும் ஒருபடி குறைத்து, ஈரமண்ணில் வயிறுபடியக் கிடந்து எடுத்தார்கள். மயிர் மயிராய் விழுந்தது.

அப்பக்கத்துக்கு இம்முறை கரும்பலகைச் சட்டத்தின் சாட்சியும் தேடிய பின்பே கையொப்பமிட்டேன். ஒரு சிறட்டையில் மண்ணோடு ஏந்தி வரச் சொல்லி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, படத்தையும் உயிரையும் மாறி மாறிப் பார்த்தேன். பின்பு அதனை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். தும்பிக்குரிய பக்கத்தில் இரண்டு படங்கள் இருக்கின்றன. பழம்பாடலில் தேன் ஆராயும் தும்பி வேறு, இன்று நம் பிள்ளைகள் தும்பி என்று துரத்துவதும் நுளம்பைத் தின்பதுமான உயிர் வேறு. ஞிமிறுக்குரிய பக்கம் இன்னும் வெறுமையாயிருக்கிறது. அங்கே 'ஒருவகைப் பூச்சி' என்று எழுத வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.